படர்தாமரைப் பூஞ்சை எந்த மருந்துக்கு அடங்கும்? ஆய்வகச் சோதனைக்கான முழுமையான வழிகாட்டி

“டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், 6 வாரம், குறையவில்லை.” மாதிரியோடு வரும் படிவத்தில் மருத்துவர் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால், அது ஆய்வகத்திற்குப் போடப்பட்ட கேள்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன்பு தோல் பூஞ்சைக்கு மருந்துச் சோதனை கேட்டு அனுப்புவது அரிது. டெர்பினாஃபின் என்னும் பூஞ்சை மருந்தைக் கொடுத்தால் படர்தாமரை போய்விடும் என்பதே எல்லோருடைய எண்ணமாக இருந்தது. இந்தியாவில் பெருகிப் பல நாடுகளுக்கும் பரவிய ஒரு பூஞ்சை இனம் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. ஜப்பானில் இருந்த நேபாள, இந்திய நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அதற்கு 2020இல் டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று தனிப்பெயர் சூட்டினார்கள்.

சிங்கப்பூரில் வியர்வை காயாத உடம்போடு வேலை செய்பவர்களும், ஒரே அறையில் பலராகத் தங்கித் துணிகளை ஒன்றாக உலர்த்துபவர்களும், நாள் முழுவதும் பூட்ஸ் அணியும் தேசிய சேவையாளர்களும் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகிறார்கள். போதாக்குறைக்கு, விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருபவர்களின் பையில் குளோபிட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் சேர்ந்த களிம்பு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அரிப்பை இரண்டே நாளில் அடக்கி, பூஞ்சையைத் தோலுக்குள் நிம்மதியாக வளரவிடும் களிம்பு அது. தமிழ் பேசும் நோயாளி சோதனைக்கு வரும்போது, அந்தக் களிம்பைப் பற்றி அவருடைய மொழியிலேயே கேட்டு எழுதிவைக்கும் ஒருவர் அங்கே இருப்பது, பின்னால் வரும் எண்களைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும்.

இந்த வழிகாட்டி, திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்து, பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறியும் முறையை விளக்குகிறது. அந்தச் செறிவைத்தான் எம்ஐசி என்கிறோம். ஆய்வகச் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பு தன் எம் 38 ஆவணத்தின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் தோல் பூஞ்சைகளையும் சேர்த்தது. 2017இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. கீழே உள்ள அளவுகள் அந்த வழியைப் பின்பற்றுபவை. ஐரோப்பாவின் யூகாஸ்ட் முறை எங்கே வேறுபடுகிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

சுரண்டல் முதல் வளர்ப்பு வரை

வட்டத்தின் நடுவில் சுரண்டிப் பயனில்லை. பூஞ்சை உயிர்ப்போடு இருப்பது சிவந்து தடித்த விளிம்பில்தான். 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்து, அது உலர்ந்த பிறகு, மழுங்கிய கத்தியால் விளிம்பிலிருந்து செதில்களை ஒரு கறுப்புத் தாளில் சேகரிக்க வேண்டும். கறுப்பின் மேல் வெண்செதில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு பங்கை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குறுக்குச் சுவர்களுடன் கிளைத்து ஓடும் பூஞ்சை இழைகள் தெரிந்தால் மேற்கொண்டு போகலாம். குட்டையான இழைகளும் திராட்சைக் கொத்துப் போன்ற உருண்டைச் செல்களுமாகத் தெரிந்தால் அது தேமல். அதை உண்டாக்கும் மலசீசியா ஒரு ஈஸ்ட் என்பதால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

மற்றொரு பங்கைச் சபுரோ அகர் என்னும் பூஞ்சை வளர்ப்பு ஊடகத்தில் விதைக்க வேண்டும். ஒரு குழாயில் குளோராம்பெனிகாலும் சைக்ளோஹெக்சிமைடும் கலந்திருக்கட்டும். இன்னொன்றில் சைக்ளோஹெக்சிமைடு இல்லாமல் இருக்கட்டும். முன்னது காற்றில் மிதந்து வரும் பூசணங்களை அடக்கித் தோல் பூஞ்சைக்கு வழிவிடும். ஆனால் வெப்ப நாடுகளில் கால் தோலையும் நகத்தையும் தாக்கும் நியோசைட்டாலிடியம் என்ற பூசணத்தையும் அது சேர்த்தே அடக்கிவிடும். நம் ஊரில் இரண்டாவது குழாயை மிச்சப்படுத்துவது தவறான சிக்கனம்.

25 முதல் 30 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரத்திற்குள் பெரும்பாலும் வளர்ந்துவிடும். நான்கு வாரம் வரை காத்திருந்த பின்பே ‘வளரவில்லை’ என்று எழுத வேண்டும். இந்தக் காத்திருப்பில் உண்ணிகளைப் பற்றிய கவனம் தேவை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இந்தப் பூச்சிகள் ஒரு குழாயிலிருந்து மற்றொன்றுக்கு வித்துகளைக் காலில் சுமந்து செல்லும். அகரின் மேல் ஒற்றையடிப் பாதைபோல வரிசையாகச் சிறு வளர்ச்சிப் புள்ளிகள் தோன்றினால், அந்தக் குழாயைத் திறக்காமலே நீராவி அழிப்பானுக்கு (ஆட்டோகிளேவ்) அனுப்பிவிட வேண்டும்.

வளர்ந்த பூஞ்சையின் இனத்தை உறுதி செய்யாமல் மருந்துச் சோதனைக்குள் நுழையக் கூடாது. டிரைக்கோஃபைட்டன் ரூப்ரத்தின் அடிப்பக்கத்துச் செந்நிறம் பழகிய கண்ணுக்குப் போதுமானது. இண்டோட்டினியேவையோ அதன் நெருங்கிய உறவான மென்டாகிரோஃபைட்டிஸிலிருந்து தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஐடிஎஸ் என்னும் மரபணுப் பகுதியின் வரிசையைப் படித்தாக வேண்டும். பழைய கட்டுரைகளில் ‘மென்டாகிரோஃபைட்டிஸ், எட்டாம் ஐடிஎஸ் வகை’ என்று கண்டால், அது இன்றைய இண்டோட்டினியேதான்.

வித்துகளைத் திரட்டுதல்

என்னைக் கேட்டால் இந்தச் சோதனையின் முக்கால் பங்கு இந்த ஒரு படியில் அடங்கியிருக்கிறது. எம்ஐசி தப்பாக வந்தால் மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் வித்துகளைச் சந்தேகிக்க வேண்டும்.

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகரில் 30 டிகிரியில் நான்கைந்து நாள் வளர்த்தால் மென்டாகிரோஃபைட்டிஸ் கூட்டத்தினர் மாவு தூவியதுபோல நுண்வித்துகளைத் தாராளமாகத் தருவார்கள். ரூப்ரம் அப்படித் தராது. பஞ்சுபோல வெண்மையாக வளரும், நுண்ணோக்கியில் பார்த்தால் வெறும் இழைகள்தான் இருக்கும். அதற்கு ஓட்ஸ் அகரே மருந்து. அதில் வளர்த்தால் கண்ணீர்த் துளி வடிவ வித்துகள் இழைகளின் இருபுறமும் அரும்பும்.

0.85 விழுக்காடு உப்புக் கரைசலில் ஒரு துளி ட்வீன் 20 சேர்த்து, வளர்ப்பின் மேல் ஊற்றி, மலட்டுப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தடவி வித்துகளைக் கரைசலுக்குள் இறக்க வேண்டும். ட்வீன் இல்லாவிட்டால் வித்துகள் நீரில் ஒட்டாமல் தூசியாக எழும்பும். இந்த வேலை முழுவதையும் இரண்டாம் வகை உயிர்ப்பாதுகாப்புப் பெட்டிக்குள் செய்ய வேண்டும். குளிர்சாதனக் காற்று நேரே விழும் மேசையில் மூடியைத் திறந்தால், அடுத்த வாரம் யாருடைய தட்டில் என்ன முளைக்கும் என்று சொல்ல முடியாது. கரைசலைக் குழாயில் எடுத்து 5 முதல் 10 நிமிடம் அசையாமல் நிறுத்தினால் கனத்த இழைத் துண்டுகள் அடியில் படியும். மேல்பகுதியை மட்டும் வேறொரு குழாய்க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கையை ஒளி ஊடுருவலை வைத்து ஊகிப்பதைவிட, செல் எண்ணும் கண்ணாடித் தட்டில் எண்ணுவதே நல்லது. இழைத் துண்டுகள் கலந்திருந்தால் கருவி ஏமாறும், கண் ஏமாறாது. தட்டின் ஒரு பெரிய சதுரம் 1 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் ஆழம் கொண்டது. அதாவது ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சதுரத்திற்குச் சராசரியாக 20 வித்து இருந்தால் மில்லிலிட்டருக்கு 2,00,000 வித்து. அதை ஆர்பிஎம்ஐ என்னும் திரவ ஊடகத்தில் 50 மடங்கு நீர்த்தால் 4,000. சோதனைத் தட்டின் குழியில் உள்ள மருந்தோடு சம அளவில் சேரும்போது அது 2,000 ஆகும். குழியில் இருக்க வேண்டிய அளவு 1,000 முதல் 3,000 வரை என்பதால், இது நடுவில் பொருந்துகிறது.

கணக்கு சரிதானா என்று சரிபார்க்க, நீர்த்த கரைசலிலிருந்து 10 மைக்ரோலிட்டரை எடுத்துச் சபுரோ அகரில் பரப்பி வையுங்கள். சில நாளில் 40 வளர்ச்சிகள் வர வேண்டும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், கரைசலைத் தயாரித்து வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து குழாயைக் குலுக்காமலே பிப்பெட்டில் எடுத்து ஊற்றினேன். நான்கு நாள் கழித்து, எல்லா மருந்துக்கும் அருமையாக அடங்கும் ஒரு பூஞ்சை என் கையில் இருந்தது. சரிபார்ப்புத் தட்டைப் பார்த்த மூத்த சக ஊழியர் எதுவும் சொல்லவில்லை. நாற்பதுக்குப் பதிலாக முளைத்திருந்த நான்கைப் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மற்றவை குழாயின் அடியில் படிந்து கிடந்தன. அன்றிலிருந்து, ஒவ்வொரு வரிசைக்கும் முன்பு குழாயை ஒரு முறை சுழற்றாமல் என் கை பிப்பெட்டுக்குப் போவதில்லை.

மருந்தை எடை போடுதல்

மருந்துக்கடை மாத்திரையைப் பொடித்துப் பயன்படுத்தக் கூடாது. தூய்மைச் சான்றிதழோடு வரும் மருந்துப் பொடி வேண்டும். சான்றிதழில் உள்ள எடை மருந்துக்கா, அதன் உப்புக்கா என்பதைப் பார்க்க வேண்டும். டெர்பினாஃபின் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடு உப்பாக வருகிறது. தனி மருந்தின் மூலக்கூறு எடை 291.4, உப்பின் எடை 327.9. ஆகவே 16 மில்லிகிராம் டெர்பினாஃபின் வேண்டுமானால், உப்பில் 18 மில்லிகிராம் நிறுக்க வேண்டும். அதை டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் 10 மில்லிலிட்டர் எடுத்துக் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 1,600 மைக்ரோகிராம் கொண்ட மூலக்கரைசல் கிடைக்கும். முதல் குழியின் இறுதிச் செறிவான 16ஐப்போல் இது நூறு மடங்கு. தூய்மை 98 விழுக்காடு என்றால் அந்தக் குறைவையும் ஈடுசெய்ய வேண்டும்.

டிஎம்எஸ்ஓ பற்றி நம் ஊருக்கென்றே இரண்டு செய்திகள் உண்டு. அது 18.5 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்சாதனம் நேராகப் படும் அலமாரியில் வைத்திருந்தால் காலையில் பாட்டில் கட்டியாக இருக்கும். பதற வேண்டாம், கைச்சூட்டில் உருகிவிடும். இரண்டாவது கொஞ்சம் தொல்லையானது: அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பெரிய பாட்டிலை நாள்தோறும் திறந்து மூடினால், சில வாரத்தில் அது டிஎம்எஸ்ஓவும் நீரும் கலந்த ஏதோ ஒன்றாகிவிடும். சிறு குப்பிகளில் பிரித்து வைத்துக்கொள்வதே வழி. ஃப்ளூகோனசோலுக்கு இந்தக் கவலையில்லை, தண்ணீரிலேயே கரையும். இட்ராகோனசோல், வோரிகோனசோல், கிரிசியோஃபுல்வின் ஆகியவற்றுக்கு டிஎம்எஸ்ஓதான்.

படிப்படியான இரட்டை நீர்ப்பை முதலில் டிஎம்எஸ்ஓவிலேயே செய்து, பிறகு ஒவ்வொன்றையும் ஊடகத்தில் 50 மடங்கு நீர்க்க வேண்டும். இப்படிச் செய்தால் எல்லாக் குழிகளிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவாக 1 விழுக்காடு இருக்கும். நேராக ஊடகத்தில் நீர்த்தால் நீரில் கரையாத மருந்து நடுவழியில் படிகமாக விழுந்துவிடும்.

இப்போது செறிவின் எல்லை. டெர்பினாஃபினுக்கு வழிமுறை ஆவணம் சொல்லும் வரம்பு மில்லிலிட்டருக்கு 0.001 முதல் 0.5 மைக்ரோகிராம் வரை. டெர்பினாஃபினுக்கு எல்லாப் பூஞ்சையும் அடங்கிய காலத்தில் வகுத்த வரம்பு அது. எதிர்ப்பு பெற்ற இண்டோட்டினியே 0.5ஐத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், அறிக்கையில் ‘0.5க்கு மேல்’ என்பதற்கு அப்பால் எதுவும் எழுத முடியாது. 16இலிருந்து தொடங்கினாலோ பத்துப் படிகளில் 0.03க்குத்தான் இறங்க முடியும். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுப் பூஞ்சையான மென்டாகிரோஃபைட்டிஸ் ஏடிசிசி எம்ஒய்ஏ-4439இன் எம்ஐசி 0.002 முதல் 0.008க்குள் வர வேண்டும் என்பதால், அதை அளக்கவே முடியாது. ஆகவே ஒரே பூஞ்சைக்கு இரண்டு வரிசை வைப்பதை நான் வலியுறுத்துவேன்: ஒன்று 16 முதல் 0.03 வரை, மற்றொன்று 0.5 முதல் 0.001 வரை. இரண்டும் பொதுவாகக் கொண்ட குழிகளில் ஒரே விடை வருகிறதா என்பதே கூடுதல் சோதனையாகவும் அமையும்.

தட்டை நிரப்புதல்

ஊடகம் ஆர்பிஎம்ஐ 1640; குளூட்டமின் உண்டு, பைகார்பனேட் இல்லை. லிட்டருக்கு 10.4 கிராம் பொடியும் பிஎச்சை நிலையாக வைக்கும் மோப்ஸ் 34.53 கிராமும் கரைத்து, பிஎச் 7.0க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிக்க வேண்டும். அழிப்பானில் போட்டுக் கொதிக்கவைத்தால் வீணாகிவிடும்.

96 குழித் தட்டின் ஒவ்வொரு வரிசையிலும் 1 முதல் 10 வரையான குழிகளில் அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்கு மருந்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர். 11ஆவது குழியில் மருந்தில்லை, டிஎம்எஸ்ஓ மட்டும். வளர்ச்சியை ஒப்பிட இதுவே அளவுகோல். 12ஆவது குழியில் பூஞ்சையே இல்லை. அதில் ஏதேனும் முளைத்தால் தட்டு முழுவதும் கெட்டது என்று பொருள். 1 முதல் 11 வரை வித்துக் கரைசலை 100 மைக்ரோலிட்டர் வீதம் சேர்க்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பூஞ்சைக்கென ஒவ்வொரு நாளும் தனி வரிசை உண்டு. அது தவறினால் நோயாளியின் எண்ணை வெளியிடக் கூடாது.

35 டிகிரியில் நான்கு நாள். மூடியைப் போட்டு அப்படியே வைத்தால் ஓரக் குழிகள் உலர்ந்து, அங்கே மருந்தின் செறிவு தானாக ஏறிவிடும். தட்டை, ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் வைத்து இன்குபேட்டருக்குள் விடுங்கள். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக நான்குக்கு மேல் அடுக்காதீர்கள், நடுவில் இருப்பவை சூடேறத் தாமதமாகும்.

படித்தல்

தட்டுக்கு அடியில் ஒரு குழிக்கண்ணாடியை வைத்து, 11ஆவது குழியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் குழியில் நான்காம் நாளில் தெளிவான வளர்ச்சி இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம். ரூப்ரமாக இருந்தால் இன்னும் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள், இல்லையேல் முதலிலிருந்து தொடங்குங்கள். வளர்ச்சி 80 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்த முதல் குழியின் செறிவே எம்ஐசி.

டெர்பினாஃபின் வரிசை படிப்பதற்குச் சுகமானது. ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்னும் நொதியை அது தடுக்கும்போது பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் குறைவதோடு ஸ்குவாலீனும் செல்லுக்குள் குவிந்து பூஞ்சை மடிகிறது. ஆகவே குழி பளிச்சென்று தெளிந்துவிடும். இட்ராகோனசோல் போன்ற அசோல்கள் அப்படியில்லை. வளர்ச்சியை மட்டுப்படுத்துமே தவிர உடனே கொல்லாது, அதனால் பல குழிகளுக்கு மெல்லிய பனிமூட்டம் நீளும். அந்தப் பனிமூட்டத்தை வளர்ச்சி என்று நினைத்துவிட்டால் இட்ராகோனசோலின் எண் அநியாயமாக ஏறிவிடும். புதிதாக வருபவர்கள் முதல் இருபது தட்டுகளை இன்னொருவரோடு சேர்ந்து, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் படித்து, பிறகு ஒப்பிட வேண்டும். ஒரு படி வேறுபாடு இயல்பு. இரண்டு படியைத் தாண்டினால் மீண்டும் பார்க்க வேண்டும்.

யூகாஸ்ட் முறை இந்தக் கண்ணளவைத் தவிர்த்து, ஒளிமானியின் வழியே அளக்கச் சொல்கிறது. அதில் வித்துகளை 11 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, ஏறத்தாழ நூறு மடங்கு அடர்த்தியாக விதைக்கிறார்கள். ஊடகத்தில் 2 விழுக்காடு குளுக்கோஸும், கலப்படத்தைத் தடுக்கக் குளோராம்பெனிகாலும் சைக்ளோஹெக்சிமைடும் உண்டு. வெப்பநிலையும் 25 முதல் 28 டிகிரிதான். எந்த முறையையும் முழுமையாகப் பின்பற்றலாம். ஒன்றின் வித்து அளவையும் மற்றதன் படிப்பு விதியையும் கலந்தால், கிடைக்கும் எண்ணை உலகில் வேறெந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது.

இத்தனை வேலைக்கும் ஆளும் நேரமும் இல்லாத ஆய்வகம், மில்லிலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் டெர்பினாஃபின் கலந்த அகரில் பூஞ்சையை விதைத்துப் பார்க்கலாம். வளர்ந்தால் சந்தேகத்திற்குரியது, அதை மட்டும் முழுச் சோதனைக்கு அனுப்பலாம். அடங்கும் பூஞ்சைகளை முதல் கட்டத்திலேயே கழித்துவிட இது மலிவான வழி.

அறிக்கை எழுதுதல்

தோல் பூஞ்சைகளுக்கு ‘அடங்கும்’, ‘அடங்காது’ என்று பிரிக்கும் மருத்துவ எல்லைக்கோட்டைச் சிஎல்எஸ்ஐ வகுக்கவில்லை. ஆகவே அந்தச் சொற்களை அறிக்கையில் அச்சிடாமல், எம்ஐசியையும், அந்த இனத்தின் இயல்பான பூஞ்சைகளுக்கு அது எந்த அளவில் இருக்கும் என்பதையும் அருகருகே எழுத வேண்டும். டெர்பினாஃபினில் இந்த இடைவெளி பெரும்பாலும் மிகப் பெரியது: இயல்பான பூஞ்சை நூறில் சில பங்கில் நிற்க, மாறிய பூஞ்சை 1ஐயும் தாண்டி நிற்கும். அத்தகைய எண் வந்தால் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் மரபணுவின் வரிசையையும் படித்துப் பார்ப்பது நல்லது. 397ஆம் இடத்தில் ஃபினைல்அலனினுக்குப் பதிலாக லூசின் அமர்ந்திருப்பதே அதிகம் காணப்படும் மாற்றங்களில் ஒன்று. 393ஆம் இடத்து மாற்றம் மற்றொன்று. மருந்து வந்து பொருந்த வேண்டிய பள்ளத்தின் வடிவத்தையே அவை மாற்றிவிடுகின்றன.

எண் குறைவாக இருந்தும் நோயாளிக்குக் குணமாகவில்லை என்றால், ஆய்வகம் பொய் சொல்கிறது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கலாம். இட்ராகோனசோல் குளிகையை உணவில்லாமல் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கலாம். அறைத்தோழரின் துண்டிலிருந்து மீண்டும் தொற்றியிருக்கலாம். அந்தக் கலவைக் களிம்பு இன்னும் தலையணைக்கு அடியில் இருக்கலாம். படிவத்தில் இவற்றை எழுதிவைத்திருந்தால், அறிக்கையின் கடைசி வரியில் மருத்துவருக்கு நினைவூட்டலாம்.

பூஞ்சையை வைத்துக்கொள்ளுதல்

அறிக்கை போனதும் வளர்ப்பைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அதைப் பாதுகாக்கும் மிக எளிய முறையை 1939இல் வெளியிட்டவர், கொழும்பில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆல்டோ காஸ்டெல்லானி: அகரின் சிறு துண்டு ஒன்றை மலட்டுக் காய்ச்சி வடித்த நீரில் இட்டு, திருகு மூடியால் இறுக மூடி, அறை வெப்பத்திலேயே வைத்தால் பல பூஞ்சைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். உறைபெட்டி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், உண்ணியும் ஏறாது. ஒவ்வொரு குப்பியிலும் நாள், ஆய்வக எண், இனம், டெர்பினாஃபின் எம்ஐசி ஆகிய நான்கையும் அழியாத மையில் எழுதுங்கள். அதே நோயாளியிடமிருந்து ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஒரு மாதிரி வரும்போது, பழைய குப்பியைத் திறந்து இரண்டையும் ஒரே தட்டில், அடுத்தடுத்த வரிசைகளில், ஒரே நாளில் வையுங்கள்.